ஒரே மருந்து... அவருக்குக் கேட்டது, இவருக்கு ஏன் கேட்கவில்லை?

என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கும்மிடிப்பூண்டியிலிருந்து விடியற்காலை லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய், கீமோ ஏற்றிக்கொண்டு இரவு திரும்புவோம். நான்காவது கீமோ முடிந்து ஸ்கேன் எடுத்தால், கட்டி கொஞ்சமும் சுருங்கவில்லை.

அதைவிட வலித்தது, நலம் விசாரிக்க வந்தவர்களின் பேச்சு. "எங்க நாத்தனாருக்கும் இதே மருந்துதான். நாலே ஊசியில கரைஞ்சிடுச்சே! நீங்க பத்தியமா இருந்தீங்களா?" அன்றிலிருந்து அத்தை முட்டையையும் பாலையும் ஒதுக்கிவிட்டார். "எல்லாம் என் தப்புதாம்மா" என்றார்.

அடுத்த முறை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் இதுதான்.

கட்டிக்குள் புற்றுநோய் செல்கள் மட்டும் இல்லை. ரத்தக்குழாய்கள், நோய் எதிர்ப்பு செல்கள், காயத்தை ஆற்றும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் என நம் உடம்பின் சொந்த செல்களும் சுற்றி நிற்கின்றன. புற்றுநோய் இவற்றில் பலவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜன் நாரைப் பின்னிப் பின்னி இறுக்குகின்றன, ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் வழியே வரும் மருந்து உள்ளே முழுதாகச் சேர்வதில்லை. சிப்காட் கம்பெனி கேட் வரை வந்த லோடு லாரி, உள்ளே போக வழியில்லாமல் நிற்பதுபோலத்தான். கணையப் புற்றுநோயில் இந்த நார்ச்சுவர் மிகவும் தடிமன்.

இன்னொரு தந்திரமும் உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், மருந்து ஒரு பாதையை அடைத்தால், பக்கத்து செல்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதம் வேறு பாதையைத் திறந்துவிடுகிறது. 2012-ல் இது தெரியவந்தது.

சுற்றுப்புறம் முக்கியம் என்ற எண்ணம் பழசு. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, நோய் ஏன் சில உறுப்புகளுக்கு மட்டும் அதிகம் பரவுகிறது என்று 1889-ல் எழுதினார். விதையோடு மண்ணும் பொருந்த வேண்டும் என்பது அவர் கருத்து. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் திருவள்ளூர் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தச் சுவரை உடைத்துவிடலாமே? எலிகளில் செய்து பார்த்தபோது, கணையப் புற்றுநோய் சில சமயம் இன்னும் வேகமாக வளர்ந்தது. சுவர் நோயையும் கொஞ்சம் கட்டிப்போட்டிருந்திருக்கிறது! ஆனால், அடக்கி வைக்கப்பட்ட எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்பும் மருந்துகள் சில புற்றுநோய்களில் நன்றாகவே பலன் தருகின்றன. அந்த வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

டாக்டர் இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார். "சாப்பாட்டைக் குறைக்காதீங்கம்மா, சிகிச்சையைத் தாங்க உடம்புல தெம்பு வேணும்" என்று அத்தையிடம் கண்டிப்பாகவும் சொல்லிவிட்டார். முட்டை மறுபடி தட்டுக்கு வந்துவிட்டது.

நீங்களும் யாரையாவது பார்க்கப் போவீர்கள். ஒரு மருந்து பலிக்காததற்கு நோயாளியிடம் காரணம் தேடாதீர்கள். அடுத்த கீமோவுக்குத் துணைக்கு வரட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.