தத்தளித்தது விமானமா?

எங்கள் அயோத்தியாப்பட்டணத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் மிகப் பழைய சம்பந்தம் உண்டு. இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில் ஸ்ரீராமபிரான் இங்கே தங்கினார் என்பது எங்கள் கோதண்டராமர் கோயிலின் ஐதீகம். அவர் ஏறி வந்ததோ புஷ்பக விமானம்! நல்ல வேளை, அந்தக் காலத்தில் டெலிவிஷன் செய்தி கிடையாது. இருந்திருந்தால், "நடுவழியில் அவசரத் தரையிறக்கம்! சீதா தேவியின் கதி என்ன?" என்று சிவப்புப் பட்டையில் ஓடவிட்டிருப்பார்கள். ஏற்கெனவே தீ மூட்டிக் காத்திருந்த பரதன், அதைப் படித்த மறுகணமே அதில் குதித்திருப்பான்.

வெறும் வேடிக்கை என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! அந்தப் பரதனைப் போலவே தவித்த ஒரு தாயை எங்கள் தெருவிலேயே நான் பார்த்தேன்.

2024-ஆம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, சரஸ்வதி பூஜை. அன்று மாலை 5.40 மணி சுமாருக்குத் திருச்சியிலிருந்து 141 பிரயாணிகளுடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், கிளம்பிய சற்றைக்கெல்லாம் ஹைட்ராலிக் கோளாறு தென்பட்டது. திருச்சிக்கே திரும்புவதென்று தீர்மானித்த விமானிகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானிலே வட்டமிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் தமிழ்நாட்டு வீடுகளில் பொரியும் சுண்டலும் தொண்டையில் இறங்கவில்லை. "நடுவானில் தத்தளிக்கும் விமானம்" என்று டெலிவிஷன் அலறிக்கொண்டே இருந்தது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாளின் மகன் அன்றிரவு அதே திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டியவன். பதற்றத்தில் அவர் கண்ணில் பட்டவை 'திருச்சி', 'தத்தளிப்பு' என்ற இரண்டே வார்த்தைகள். மகனைக் கூப்பிட்டால் டெலிபோனை எடுக்கவில்லை. என் வீட்டுக்கு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பத்திரிகையில வேலை பாக்கிறவ ஆச்சே, கண்ணு! தத்தளிக்குதுன்னா என்ன அர்த்தம்? விழுந்துருமா?"

கால் மணி கழித்து மகனே பேசினான். சோதனை வரிசையில் நின்றிருந்தானாம். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்ட கேள்விதான் என்னை விடவில்லை.

தத்தளிப்பு என்றால் என்ன? நீச்சல் தெரியாதவன் கிணற்றில் கையையும் காலையும் உதைத்துக்கொள்வது தத்தளிப்பு. அன்று அந்த விமானிகள் செய்தது அதற்கு நேர் விரோதமான காரியம். நாலு மணி நேரப் பிரயாணத்துக்கு வேண்டிய எரிபொருளுடன் கிளம்பிய விமானம் அது. அத்தனை கனத்துடன் இறங்கினால் சக்கரங்களும் பிரேக்கும் தாங்க வேண்டிய பாரம் அதிகம். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே வெளியே விடுவதற்கு வழி உண்டு. இந்த போயிங் 737 ரகத்தில் அது கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே, கணக்குப் போட்டு, நிதானமாக வட்டமிட்டார்கள். 8.15 மணி சுமாருக்குச் சக்கரங்களின் மீதே வழக்கம்போல் இறங்கினார்கள். அந்த இரண்டு விமானிகளில் ஒருவர் பெண் என்பதையும் நாம் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

ஹைட்ராலிக் கோளாறு விளையாட்டல்ல. டிப்பர் லாரியின் பின்பெட்டியைத் தூக்குகிறதே, அதே எண்ணெய் அழுத்தம்தான் விமானத்தின் சக்கரங்களையும் பிரேக்கையும் இயக்குகிறது. ஆனால் அதற்கென்றே ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளை வைத்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் 'முழு அவசர நிலை' அறிவித்தது உண்மை. விமானிகள் எந்த அவசர நிலையும் அறிவிக்கவில்லை என்று கம்பெனி பிற்பாடு சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும்? பிரசவ சமயத்தில் டாக்டரம்மா, "எதற்கும் இரத்தம் தயாராக இருக்கட்டும்" என்று சொல்வதில்லையா? அதைக் கேட்டு, "தாய் உயிருக்குப் போராட்டம்" என்று தெருவெல்லாம் கூவலாமா? தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நிற்பது முன்ஜாக்கிரதை. முன்ஜாக்கிரதையையே ஆபத்து என்று சொல்வதுதான் தலைப்பு எழுதுகிறவர்கள் செய்யும் ரசவாதம்.

இன்னும் கேளுங்கள். 2024 நவம்பர் 30-ந் தேதி, ஃபெங்கல் புயலன்று, சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் ஒன்று, கடைசி விநாடியில் மறுபடி மேலே எழும்பிற்று. வீடியோ ஊரெங்கும் பரவியது. "மயிரிழையில் தப்பியது" என்றார்கள். காற்று சரியில்லை என்றால் மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி முயல்வது, ஒவ்வொரு விமானிக்கும் பழக்கிக் கொடுத்திருக்கும் வித்தை. தப்பியது அதிர்ஷ்டத்தால் அல்ல, பயிற்சியால். 'கறுப்புப் பெட்டி' சமாசாரமும் இப்படித்தான். இடிபாடுகளுக்கிடையே சட்டென்று கண்ணில் படவேண்டும் என்று அதற்கு ஆரஞ்சு வர்ணம் பூசியிருக்கிறார்கள்!

பயமுறுத்துவதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரைகுறையாகப் புரிந்த ஒரு வார்த்தை, செத்தவர்மீது பழியாகவும் விழுகிறது. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, எஞ்சின்களுக்கு எரிபொருள் விடும் இரண்டு ஸ்விட்சுகளும் 'நிறுத்து' என்ற நிலைக்கு மாறின என்றது. யார் மாற்றினார், ஏன் மாறிற்று என்று அது சொல்லவில்லை. 'மாறின' என்ற சொல்லைச் சில பத்திரிகைகள் 'மாற்றினார்' என்று வாசித்துவிட்டன. அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்று விசாரணைக் குழுவே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இறந்த விமானியின் 91 வயதுத் தகப்பனார் உச்ச நீதிமன்றப் படியேறினார். அந்தப் பாரத்தை அவர் சுமக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் ஆறுதல் கூறும்படி ஆயிற்று. ஓர் எழுத்து பிசகினால் ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது, பார்த்தீர்களா?

நானும் இதே தொழிலில் இருப்பவள்தான். செய்தி ஆசிரியருக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். போட்டிக்காரன் முந்திக்கொள்வான் என்ற கவலை வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் "வட்டமிடுகிறது" என்று எழுதவும் அதே நேரந்தான் ஆகும்.

இனிமேல் இப்படி ஒரு செய்தி வந்தால், சகோதரிகளே, மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் விமானம், அதன் நம்பர் என்ன? அவசரம் என்று சொன்னவர் விமானியா, விமான நிலையமா, செய்தி வாசிப்பவரா? நடப்பது ஆபத்தா, அல்லது ஆபத்தைத் தடுக்கும் ஏற்பாடா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரையில் டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அணைத்தே விடுங்கள்!