எட்டா, ஆறா?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியை நகர்த்துவது டீசல் மட்டுமில்லை. ஒரு கட்டுக் காகிதம்! இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும் சான்றிதழ்... ஒன்று குறைந்தாலும் பெட்டி மாட்டிக்கொள்ளும்.

முன்பெல்லாம் இந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்புச்செட்டித் தெருவுக்கும் ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்கும் நடையாய் நடப்பார்கள் கிளியரிங் ஆபீஸ் ஆட்கள். 2018 மார்ச்சில் ‘இ-சஞ்சித்’ கட்டாயமானதும் அந்த நடை குறைந்தது. இறக்குமதிக் காகிதங்களை ஸ்கேன் செய்து, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, கஸ்டம்ஸின் ‘ஐஸ்கேட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை பில் ஆஃப் என்ட்ரியோடு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

கல்மண்டபம் பக்கத்தில் என் நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ். பிரின்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாம் செய்கிற மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கொஞ்சம் பழைய மாடல். வந்து இறங்கிய பத்தாவது நிமிடம் பிரின்ட் வந்துவிட்டது. ஸ்கேன் வர மூன்று நாள்!

அந்த மூன்று நாளும் அவருக்கு முள்ளின் மேல்தான். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யத் தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு தினம் 5,000 ரூபாய், அதற்கப்புறம் தினம் 10,000 ரூபாய் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், எதிர்த்தெரு ஜெராக்ஸ் கடைக்கு ஆள் விட்டு ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்.

“ஒரே ஒயர்தானே தம்பி? பிரின்ட் வருது, ஸ்கேன் மட்டும் ஏன் வராது?”

சர்வீஸுக்கு வந்த பையன் அழகாக விளக்கினான். “பிரின்ட்னா கம்ப்யூட்டர் மிஷினைத் தேடி வருது சார். ஸ்கேன்னா மிஷின்தான் கம்ப்யூட்டரைத் தேடிப் போவணும். அதுக்கு வீட்டு நம்பர் தெரியணும். கதவு திறந்திருக்கணும். ‘நீ யாரு?’ன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பேரும் பாஸ்வேர்டும் வேணும்.”

வீட்டு நம்பர் என்பது ஐ.பி. முகவரி. ரவுட்டரை அதன் போக்கில் விட்டால் நம்பரை அடிக்கடி மாற்றிக் கொடுத்துவிடும். நேற்று வரை வந்த ஸ்கேன் இன்று வராமல் போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். அதனால் நம்பரை நிரந்தரமாக்கினான். கதவு என்பது கம்ப்யூட்டரில் ஷேர் செய்து வைக்கிற ஃபோல்டர். பாஸ்வேர்டு விஷயத்தில்தான் அவன் புத்திசாலித்தனம் தெரிந்தது. மேனேஜரின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், ஸ்கேனுக்கென்றே தனியாக ஒரு பெயரை உண்டாக்கினான். மேனேஜர் தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் மிஷின் நடுத்தெருவில் நிற்காது, பாருங்கள்!

அப்புறமும் வரவில்லை. “மிஷின் பேசுற பாஷை பழசு சார்” என்றான்.

அந்தப் பாஷைக்குப் பெயர் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அதைச் சேர்ப்பதில்லை. காரணம் இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் மாதம் ‘நாட்பெட்யா’ என்ற கிருமி இந்த ஓட்டை வழியாகவும் கம்ப்யூட்டர்களுக்குள் பரவியது. மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனியே முடங்கியது. நம் மும்பை ஜே.என்.பி.டி. துறைமுகத்தில் அவர்களுடைய டெர்மினலிலும் வேலை நின்றது. ஸ்கேன் வர வேண்டும் என்பதற்காக அந்தப் பழைய கதவைத் திறந்து வைப்பது, பீரோ சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. பையன் அதைச் செய்யவில்லை. மிஷினுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்து, அதற்குப் புதுப் பாஷையைக் கற்றுக்கொடுத்தான்.

ஸ்கேன் வந்தது. அடுத்த தலைவலி, சைஸ். 200 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை, பி.டி.எஃப்., ஒரு ஃபைல் 1 எம்.பி.க்குள் என்பது இ-சஞ்சித் வந்தபோது சொன்ன கணக்கு. இவர்கள் கலரில் எடுத்தால் பேக்கிங் லிஸ்ட் பூதம் மாதிரி வீங்குகிறது. “ஃபுல்லா கம்ப்ரெஸ் பண்ணிடு தம்பி” என்றார் நண்பர்.

அங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2013-ல் கண்டுபிடித்த கதை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு கட்டட வரைபடம். மூன்று அறைகள். பரப்பளவு 14.13, 17.42, 21.11 சதுர மீட்டர். ஜெராக்ஸ் கம்பெனியின் ஒர்க்சென்டர் மிஷினில் போட்டு எடுத்தால், மூன்று அறையிலும் 14.13! வேறு காகிதங்களைப் போட்டுப் பார்த்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது.

எப்படி? ஃபைலைச் சுருக்குவதற்காக மிஷின் ஒரே மாதிரி இருக்கிற எழுத்துக்களைத் தேடும். ஒன்றை மட்டும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே குத்திவிடும். அதன் கண்ணுக்கு 6-ம் 8-ம் ஒன்றாகத் தெரிந்தால் கதை முடிந்தது. மங்கலாக வந்தால் நாம் சந்தேகப்படுவோம். இதுவோ பளிச்சென்று, அழகாக, தப்பாக வரும். அந்தக் கம்பெனி பிறகு திருத்திய மென்பொருளை வெளியிட்டது. அது பழங்கதைதான். ஆனால் நான் அன்றைக்கு எடுத்துக்கொண்ட பாடம் பழையதாகவில்லை: ஸ்கேன் என்பது காகிதமில்லை. காகிதத்தைப் பற்றி மிஷின் சொல்கிற சாட்சி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் மூலையில் இருந்த பெரியவர். அந்த ஆபீஸில் மூத்த கிளார்க். கஸ்டம் ஹவுஸ் படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவர்.

“கன்டெய்னர் நம்பரைப் பாத்திருக்கீங்களா சார்? நாலு எழுத்து, ஏழு நம்பர். கடைசி நம்பர் சும்மா இல்ல. முன்னால இருக்கிற பத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. நடுவுல ஒரு 6-ஐ 8-னு அடிச்சா கணக்கு உதைக்கும், மாட்டிக்கும். ஆனா இன்வாய்ஸ்ல இருக்கிற டாலருக்கு? எடைக்கு? அதுக்குக் காவலுக்கு யார் இருக்கா?”

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் ‘வவுச்சிங்’ என்று ஒரு பாடம். கணக்கில் எழுதியிருப்பதை நம்பாதே, அசல் வவுச்சரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார் என்பார்கள். பெரியவர் கேட்டதும் அதுதான்.

விஷயம் சின்னதில்லை. ஏற்றுகிற ஃபைலின் அடியில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. ஒரு 6 எட்டானால் தீர்வை மாறும், கேள்வி வரும். அப்போது மிஷின் வந்து பதில் சொல்லாது.

நண்பர் முடிவை மாற்றிக்கொண்டார். கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளை 200 போதும். கம்ப்ரெஷனைக் கடைசி வரை இழுக்க வேண்டாம், ஃபைல் பெரிதானால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். காகிதத்தை இழுக்கும் இடத்தில் உள்ள ஒல்லிக் கண்ணாடியைத் தினமும் காலையில் துடைக்க வேண்டும். ஒரு தூசு போதும், பக்கம் முழுக்க நீளமாகக் கோடு விழும், 1 ஒன்று முளைத்த மாதிரி! கடைசியாக ஒன்று: ஸ்கேன் எடுத்தவர் சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு, தொகை, எடை, அளவு மூன்றையும் திரையில் ஒத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

அந்த இன்னொருவர், பெரியவர்தான். “இனிமே இவருக்கு என்ன வேலை?” என்று அந்த ஆபீஸில் சிலர் முணுமுணுத்துக்கொண்டிருந்த சமயம் அது.

உங்கள் ஆபீஸிலும் ஒரு மிஷின் வரும். நம்பர் கொடுங்கள், ஃபோல்டர் கொடுங்கள், பாஸ்வேர்டு கொடுங்கள். அதோடு, அசலையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிற ஒருவருக்கு, பக்கத்திலேயே ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுங்கள்.