விதைக்கிழங்கு வெட்டும் வாரம்

வெட்டுவதற்கு முன் அக்கா கிழங்கை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். கண்கள் நெருங்கியிருக்கும் முனை மேலே வந்ததும், கத்தியை அங்கிருந்து கொடி ஒட்டியிருந்த அடிவரை நெடுக்காக இறக்குகிறார். "குறுக்க வெட்டினா நல்ல கண்ணெல்லாம் ஒரு பாதிக்குப் போயிடும். மற்றப் பாதி மண்ணுக்க சும்மா கிடந்து அழுகும்" என்கிறார். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது இரண்டு கண் இருக்க வேண்டும். கோழிமுட்டை அளவுக் கிழங்கென்றால் கத்தியே படக்கூடாது, முழுதாகத்தான் போக வேண்டும். ஒரு கிழங்கு முடிந்ததும் கத்தியை ஜாவெல் (பிளீச்) கலந்த வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, அதில் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கும் மற்றக் கத்தியை எடுக்கிறார். ஒரு கிழங்கில் பாக்டீரியா அழுகல் இருந்தால் கத்தி அதை அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு.

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம், டொலார்-டெ-ஓர்மோ. திருமுருகன் கோயிலுக்குப் போய்வருகிற நம்மவர்களுக்குப் பழகிய இடம். அங்கே அக்காவும் அண்ணையும் இருக்கும் வீட்டின் கராஜில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் முடியப்போகிறது, வடக்குப் பார்த்த வேலியோரம் கறுத்த பனி இன்னும் குவிந்து கிடக்கிறது. கார் வெளியே நிற்க, அதன் இடத்தில் நாலு மடக்கு மேசை. மேசை முழுக்க முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கிழங்கு, கண் நிறைந்த முனை மேலே பார்க்க, வகுப்பில் இருத்திவைத்த பிள்ளைகள் மாதிரி.

அண்ணை யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர். சிறுவயதில் தகப்பனோடு நின்று உருளைக்கிழங்கு நட்டவர். 1970களில் சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் குடாநாட்டுக் கமக்காரர் கையில் காசு புரள வைத்தன. அந்தக் காசில் கட்டிய வீடுகளைப் பற்றி ஊரில் இன்றும் பேச்சு வரும். 1977இல் வந்த அரசு சந்தையைத் திறந்துவிட, அந்தக் காலம் முடிந்தது. ஆனால் அந்தச் செழிப்பான நாளிலும் விதை மட்டும் ஊர்ச் சரக்கு இல்லை. ஒல்லாந்திலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்.

"கிண்டின கிழங்கிலயே கொஞ்சத்தை அடுத்த போகத்துக்கு வைக்கலாம்தானே எண்டு அப்புவைக் கேட்டிருக்கிறன். 'அந்தச் சூட்டில கிழங்கு விதையாகாது, நோயாகும்' எண்டார்" என்றார் அண்ணை.

அப்பு சொன்னது அறிவியல்படியும் சரி. நாம் நடுவது உண்மையில் விதையே அல்ல, தாய்ச்செடியின் உடம்பில் ஒரு துண்டு. தாய்க்கு என்ன வைரஸ் இருந்ததோ அது அப்படியே பிள்ளைக்கும் வரும். வைரஸைச் செடிக்குச் செடி காவிச்செல்வது அசுவினி. வெக்கையான தேசத்தில் அசுவினி ஆண்டு முழுக்கப் பெருகும். இரண்டு மூன்று தலைமுறையில் இலை சுருண்டு, கிழங்கு கோலிக்குண்டாகச் சிறுத்துவிடும். அதனால்தான் உலகம் முழுக்க விதைக்கிழங்குக்குக் குளிரும் தனிமையும் உள்ள இடத்தைத் தேடிப் போகிறார்கள். கியூபெக்கில் அப்படி ஓர் இடம் சென் லோரன்ஸ் ஆற்றின் வடகரையில், புவாந்த்-ஓ-ஊத்தார்த் என்ற ஊரில் இருக்கிறது. லே புய்சோன் ஆராய்ச்சி நிலையம். நோயற்ற மூலக்கிழங்கு அங்கே உருவாகிறது.

கனடாவில் அந்த மூலக்கிழங்கு படிப்படியாக இறங்கி வரும். சோதனைக்குழாயில் வளர்த்த நாற்றிலிருந்து பாதுகாப்பான கூடத்தில் எடுப்பது முதல் படி. பிறகு வயலில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி கீழே: பிரீ-எலீட், எலீட் ஒன்று முதல் நான்கு வரை, பவுண்டேஷன், கடைசியில் சேர்ட்டிபைட். ஒவ்வொரு படியிலும் பரிசோதகர்கள் வரிசைக்குள் இறங்கி நடந்து பார்ப்பார்கள். வளைய அழுகல் என்ற பாக்டீரியா நோய் ஒரேயொரு செடியில் கண்டாலும் மன்னிப்பில்லை, அந்த வயல் விதையாகாது. கடையில் ஐந்து இறாத்தல் வலைப்பையில் தொங்கும் சேர்ட்டிபைட் கிழங்குக்குப் பின்னால் இத்தனை ஆண்டு நடை இருக்கிறது. சமையல் கிழங்கைவிட அதன் விலை கூடத்தான். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

சமையல் கிழங்கையே நட்டால் என்ன என்று கேட்காத தமிழர் கிடையாது. முளைக்காமல் இருக்க அதற்குப் பெரும்பாலும் குளோர்புரோபாம் என்ற மருந்து போட்டிருப்பார்கள். கண் திறக்காது, திறந்தாலும் நோஞ்சானாக வரும். மருந்து படாத கிழங்கு கிடைத்தாலும் அதன் வம்சம் யாருக்கும் தெரியாது. "ஒரு வருசம் வரும். வந்தது போதாதெண்டு பக்கத்து வீட்டுக்காரன்ர தக்காளியையும் கொண்டுபோகும்" என்றார் அண்ணை.

அவர் சொன்னது பின்கருகல் நோயை. அதன் கதை தெரிய வேண்டுமானால் விக்டோரியா பாலத்தடிக்குப் போக வேண்டும். தெரு நடுவில் ஒரு பெரிய கறுத்த பாறை நிற்கிறது. 1859இல் பாலம் கட்டிய தொழிலாளர்கள் நிறுத்தியது. 1847இலும் 48இலும் கப்பல் காய்ச்சலில் இறந்த 6000 குடிவரவாளர்களுக்காக என்று அதில் பொறித்திருக்கிறது. பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள். 1845இல் அங்கே கருகல் இறங்கியபோது ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே இனத்தை நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே தாயின் துண்டுகள் என்பதால் ஒன்று விழுந்ததும் எல்லாம் விழுந்தன. பசிக்குத் தப்பிக் கப்பலேறியவர்களைக் காய்ச்சல் பிடித்தது. அவர்களுக்கு உதவப்போன மொன்றியல் மேயர் ஜோன் ஈஸ்டன் மில்ஸும் அதிலேயே செத்தார். இன்றும் அந்தக் கருகல் கிருமி நம் பனிக்காலத்தைக் கடப்பது உயிருள்ள கிழங்குக்குள் ஒளிந்துதான். வசந்தத்தில் நாம் நடும் துண்டில் அது இருந்தால், நாமே அதற்கு வாசல் திறந்துவிட்டவர்களாவோம்.

மண்ணும் சும்மா இல்லை. மொன்றியலுக்குக் கிழக்கே சென்-அமாப்லில் 2006இல் பொன்னிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அங்கிருந்து மண்ணும் கிழங்கும் வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது. இதே புழுவை நீலகிரியில் 1961இலேயே கண்டிருக்கிறார்கள். ஊட்டிக் கிழங்குக்காரர்களுக்கு இது பழைய பகையாளி. "நண்பர் தோட்டத்துக் கிழங்கு" என்று மண் ஒட்டியதைப் பையில் கட்டிக் காரில் கொண்டுபோகும் நம் வழக்கத்தை இதற்காகவாவது விட வேண்டும்.

மேசைக்கு வருவோம். மூன்று இனம் இருந்தது. சிவப்புத் தோல் நோர்லண்ட், சீக்கிரம் விளைவது. வெள்ளை கென்னபெக், அதிகம் காய்ப்பது. மூன்றாவது யூக்கன் கோல்ட்: பெயரில்தான் யூக்கன், பிறந்தது ஒன்ராறியோவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில். கேரி ஜோன்ஸ்டன் குழு உருவாக்கி 1980இல் வெளிவிட்டது. மஞ்சள் சதை, பிரட்டல் கறிக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் கண் குறைவான இனம். மற்றதை வெட்டுகிற அளவுக்கு வெட்டினால் கண்ணே இல்லாத குருட்டுத் துண்டு வந்துவிடும். அக்கா அதைப் பாதியாக மட்டும் பிளக்கிறார், பாதிக்கு மேல் இல்லை.

முளைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். யன்னலோர அட்டையில் இருந்தவை குட்டையாக, தடித்து, ஊதாவும் பச்சையுமாக, நுனியில் பொடி முடிச்சுகளோடு இருந்தன. அரை விரற்கடை நீளம்கூட இல்லை. நிலவறையில் மறந்துபோன ஒரு பையிலிருந்ததோ வெள்ளை நூல் நூலாக ஒரு சாண் நீண்டு, தொட்டதும் ஒடிந்தது. வெளிச்சமும் பத்து, பதினைந்து பாகைக் குளிரும் கிடைத்தால் முளை திரளும், இருட்டும் சூடும் என்றால் ஓடும். இதற்காக அண்ணை மூன்று நாலு கிழமையாகக் கராஜ் ஹீற்றரைத் திருகித் திருகி வைத்திருக்கிறார்.

வெட்டியதை உடனே நடுவதில்லை. ஈரச் சாக்கு மூடி, காற்றோட்டமாக மூன்று நாள் வைக்கிறார்கள். வெட்டுவாயில் தோல் கட்டிவிடும். ஒன்றைத் தடவிப் பார்த்தேன். ஈரம் போய்ச் சொரசொரவென்று தக்கை மாதிரி இருந்தது. வெயிலில் காயவைத்தால் வெட்டுவாய் சுருங்கி வெடிக்குமே தவிர ஆறாது.

சாம்பல் விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஊரில் வெட்டுவாயில் சாம்பல் பூசுவது வழக்கம், அக்காவுக்கு அது பூசாமல் மனம் கேட்காது. அண்ணை மறுக்கிறார். சாம்பல் மண்ணைக் காரமாக்கும், கார மண்ணில் சொறிநோய் கூடும் என்பது அவர் வாதம். கிழங்குக்குக் கொஞ்சம் புளிப்பு மண்தான் பிடிக்கும் என்பதால் நான் அண்ணை பக்கம். துண்டில் பூசுகிற துளி எதையும் பெரிதாக மாற்றிவிடப் போவதில்லை என்பதும் உண்மை. அக்காவின் அட்டையில் இருந்தவை சாம்பல் பூசித்தான் இருந்தன.

எப்போது நடுவது? தக்காளிக்கு மே 25க்கு முந்திய திங்கள் விடுமுறை வரை பொறுப்பது இந்த ஊர் வழக்கம். கிழங்குக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். மண்ணுக்குள் இருந்து வெளியே தலைகாட்ட அதற்கே இரண்டு மூன்று கிழமை எடுக்கும், அதற்குள் உறைபனி ஓய்ந்துவிடும். அண்ணை இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் தெர்மோமீற்றரை மண்ணில் ஒரு சாண் ஆழம் குத்திப் பார்க்கிறார். அன்று ஆறு பாகை. பத்துக்கு வரட்டும் என்றார். ஈரமும் குளிருமான மண்ணில் துண்டு முளைப்பதற்கு முன் அழுகும்.

கடைசியாக இடத்தில் சிக்கல் வந்தது. போன வருடம் தக்காளி நின்ற பாத்தியில் கிழங்கு நடக்கூடாது; இரண்டும் ஒரே குடும்பம், நோயும் ஒன்று, கொலராடோ வண்டும் அங்கேயே மண்ணுக்குள் காத்திருக்கும். மிச்சமிருப்பது வேலியோரப் பாத்தி. அதில் பாகற்காய்ப் பந்தல் போடுவதாக அக்கா மார்ச் மாதமே முடிவெடுத்து, விதையும் ஊறப்போட்டாயிற்று.

"பந்தலுக்குக் கீழ நடலாமே" என்றார் அண்ணை.

"நிழலில என்ன விளையும்? நீங்கள்தானே கமக்காரன்?"

கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, நோர்லண்டும் யூக்கன் கோல்டும் முன்வாசல் புல்லைக் கொத்திய புதுப்பாத்திக்கு, கென்னபெக் பெரிய பிளாஸ்டிக் வாளிகளுக்கு என்று முடிவாயிற்று. வாளியின் அடியில் ஓட்டை போட ட்ரில் வேண்டும். அது மருமகன் வீட்டில், லவாலில் இருக்கிறது. அண்ணை போனை எடுத்தார்.