எக்ஸ்போசித்தோ என்னும் குடிப்பெயர்

பெயர்களை இடுகுறி, காரணம் என நன்னூலார் வகுத்தனர். யான் அறிந்த காரணப்பெயர்களுள் மிகக் கொடியது ஸ்பானியரிடையே வழங்கும் எக்ஸ்போசித்தோ என்னும் குடிப்பெயராகும். 'வெளியே வைக்கப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் மொழியினின்றும் அது பிறந்தது. ஆலய வாயிலிலோ, அநாதசாலைச் சுவரிற் பதித்த சுழற்பெட்டியிலோ இரவில் விடப்பட்ட சிசுக்கள் பலர்க்கு ஞானஸ்நானம் பெறும்பொழுதே இப்பெயரும் இடப்பட்டது. பெற்றோர் செய்கைக்குப் பிள்ளை ஆயுளெல்லாம் சாட்சி சுமப்பதோ! என் உள்ளம் இதற்கு ஒப்பவில்லை.

1794-ஆம் ஆண்டில் நான்காம் கார்லோஸ் மன்னர், இப்பிள்ளைகளை முறைப்படி பிறந்தோராகவே கொள்ளவேண்டுமென்றும், இழிபிறப்பினரென ஏசுவோர் தண்டிக்கப்படுவரென்றும் ஆணையிட்டார். ஏசுவோனைத் தண்டிக்கலாம், பெயரே ஏசுமாயின் யாரைத் தண்டிப்பது? 1921-ல்தான் அதனை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது.

ஆயினும் மாற்றாதார் பலர். அவர்களை அறிவிலாரென்று கூற யான் துணியேன். தந்தை சுமந்த பெயரை உதறுவது அவரையே மீண்டும் வாயிலில் விடுவதுபோல் அவர்கட்குத் தோன்றியிருக்கலாமன்றோ? ஸ்பெயினிலும் அம்மொழி வழங்கும் அமெரிக்க நாடுகளிலும் இப்பெயருடையார் இன்றும் உளர். வெவ்வேறூர்ச் சிசுக்களின் வழிவந்தோராதலால், அவருட் பலர் ஒருவர்க்கொருவர் யாதோர் உறவுமிலர்.