சாப்பாட்டு டப்பாவில் வந்த நீலம்

பிஸ்பீ சுரங்கத் தொழிலாளர்களுக்கு,

அரிசோனாவின் மியூல் மலையில் 1880 வாக்கில் சூடுபிடித்த உங்கள் செம்புச் சுரங்க வேலை 1975இல் நின்றுபோனது. உங்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. என்றாலும் கனிமம் சேர்ப்பவர்கள் ‘பிஸ்பீ’ என்னும்போது குரலில் தனி மரியாதை வருகிறது. அது உங்களுக்குரியது.

நிறுவனத்துக்கு வேண்டியது செம்பு. செம்புக் கனிமங்களான அசுரைட்டின் நீலமும் மாலகைட்டின் பச்சையும் உலைக்குள் போய்விட்டால் ஒன்றுதான். உலைக்குப் போகவேண்டிய நல்ல துண்டுகளை நீங்கள்தான் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மேலே கொண்டுவந்தீர்கள். திருட்டு என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களை ஆதரித்தவர்களுமாகச் சுமார் 1,200 பேரை, 1917 ஜூலை 12 அன்று துப்பாக்கி முனையில் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவில் கொண்டுபோய் விட்ட ஊர் அது. அங்கே யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது லேசான கணக்கல்ல.

என் வியப்பு வேறு. துளைப்பொறியும் வெடிமருந்தும் பழகிய கைகள் அந்தத் துண்டுகளை எப்படி உடையாமல் கொண்டுவந்தன? எதில் சுற்றினீர்கள்? அசுரைட்டும் மாலகைட்டும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 3.5 முதல் 4 வரைதான். கத்தி முனை பட்டால் கீறல் விழும். ஆரிகால்சைட் அதைவிட மோசம், 1 முதல் 2. பூனைமயிர் போன்ற அந்த வெளிர்நீல ஊசிகளில் நகம் பட்டாலே போச்சு. தூசி தட்டத் தூரிகையும் ஆகாது. அடிப்பாறையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் ஊதியால் மெல்லக் காற்றடிப்பதோடு சரி. மூன்றுமே கார்பனேட்டுகள் என்பதால் வினிகரைக் கிட்டே கொண்டுபோவதில்லை. பட்டால் நுரைத்து மெருகு போய்விடும். சால்கந்தைட், அதாவது நம் மயில்துத்தம், தண்ணீரில் கரையும். வறண்ட காற்றில் வெளுத்து மாவாகும். அதற்கு இறுக மூடிய டப்பி வைத்திருக்கிறேன்.

எதைத் தொட்டாலும் கை கழுவாமல் நான் சோற்றில் கை வைப்பதில்லை. நீங்களோ சாப்பாட்டு டப்பாவிலேயே கொண்டுவந்தீர்கள்!

என்னிடமுள்ள அசுரைட்டின் பழைய சீட்டில் ஊர்ப்பெயரும் கனிமப் பெயரும் மட்டுமே இருந்தன. கீழே, ‘எடுத்தவர்: சுரங்கத் தொழிலாளி ஒருவர்’ என்று சேர்த்திருக்கிறேன். பென்சிலால்தான்; என்றைக்காவது பெயர் தெரிந்தால் அழித்துச் சரியாக எழுதலாம்.


கல் சேர்ப்பவன் ஒருவன்