கல்லாற்றுக் காட்டின் முத்தச்சி



திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் ஒருமுறையேனும் ஏறியிருப்பீர்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம், செலவும் குறைவு. விதுரையைக் கடந்து கல்லாற்றை நெருங்கும்போதே குளிர்ந்த காற்று முகத்தில் படும். அதற்கப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகள். நம்மில் அநேகர் வளைவுகளை எண்ணுவதில் கவனமாயிருந்து, சாலையை விட்டுக் காட்டுக்குள் பிரிந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளைக் கவனியாமல் போய்விடுகிறோம். அப்படிப்பட்ட பாதைகளுக்கு அப்பால் உள்ள காணிக்காரர் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவரே லட்சுமிக்குட்டி அம்மா. மலையாளிகள் அவரை 'வனமுத்தச்சி' என்று அழைக்கிறார்கள். காட்டுப் பாட்டி என்று நாம் சொல்லலாம்.

2018-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது எழுபத்தைந்து. அந்த ஜனவரி மாத வானொலி உரையில் பிரதமர் அவரைக் குறிப்பிட்டார். பின்னர் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கையால் டெல்லியில் அவர் விருதைப் பெற்றுக்கொண்டார். ஓலை வேய்ந்த குடிசையில் வாழ்ந்துகொண்டு, ஏறக்குறைய 500 பச்சிலை மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே செய்பவர் என்று பத்திரிகைகள் எழுதின. பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் அவர் கொடுக்கும் மருந்தைத் தேடி வெகுதூரத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். 1995-இலேயே கேரள அரசு அவருக்கு 'நாட்டு வைத்திய ரத்னா' பட்டம் அளித்திருந்தது. தமிழ் படிக்கிற நம்முடைய வீடுகளில் அந்தப் பெயர் எட்டியதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாம்பு கடித்தால் நீங்களும் நானும் ஓட வேண்டிய இடம் மருத்துவமனைதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து அங்கே உண்டு. இந்த மலையோரங்களில் காணப்படும் முழமூக்கன் என்னும் குழிவிரியனுக்கு அந்த ஊசி வேலை செய்வதில்லை என்பதால், மருத்துவரின் கண்காணிப்பு இன்னும் அதிகமாய்த் தேவை. லட்சுமிக்குட்டி அம்மாவின் மேன்மையை எழுதுகிறேன் என்பதற்காக எவரும் பச்சிலையை நம்பி நேரத்தைப் போக்கிவிடக் கூடாது.

அவருடைய மேன்மை மருந்தோடு முடிவதுமில்லை. 1950-களில் காணிக்காரர் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கேள்விப்படாத காரியமாயிருந்தது. அவரோ இரண்டு பையன்களோடு சேர்ந்து தினந்தோறும் பத்துக் கிலோமீட்டர் நடந்து எட்டாம் வகுப்புவரை படித்தார். அதற்குமேல் படிக்க வசதியில்லை. வைத்தியம் அவருக்குத் தாயின் வழியாய் வந்தது. தாயார் அந்தக் காட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. இருவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. பின்நாளில் எழுத்திலும் அவர் கை வைத்தார். கவிதையும் கட்டுரையும் நாடகமும் எழுதினார். நாட்டுப்புறக் கலைக்கான கேரள அகாதெமியில் பாடமும் நடத்தினார்.

பதினாறு வயதில் தம் உறவினரான மாத்தன் காணியை மணந்தார். கணவரைப் பற்றிப் பேட்டிகளில் அவர் பேசியதைப் படிக்கையில் நான் சற்று நிறுத்திக்கொண்டேன். தாம் எடுத்த ஒவ்வொரு தீர்மானத்திலும் அவர் கூடவே நின்றார் என்றும், தாம் இல்லாமலேயே இவளால் சாதிக்க முடியும் என்று சொல்லி வந்தார் என்றும் அந்த அம்மா கூறியிருக்கிறார். மனைவியின் பெயர் ஊரறிய உயரும்போது எத்தனை புருஷர் மனதாரச் சந்தோஷப்படுகிறார்கள்? நகரத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் நம் வீடுகளில்கூட இது அபூர்வம் என்பதே என் கருத்து. மாத்தன் காணி 2016-இல் மரித்தார். டெல்லியிலிருந்து அழைப்பு வந்தபோது அந்தச் செய்தியைச் சொல்ல அவர் இல்லை.

மகன்களில் ஒருவரைக் காட்டு யானை கொன்றது. குடியிருப்புக்கு ஒரு சாலை வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கோரிக்கை. 1952-இலேயே அனுமதிக்கப்பட்ட சாலை அது என்கிறார்கள். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட நாளிலும் அது வந்து சேரவில்லை. அறுபத்தாறு வருஷம்! யானை அடித்துக் கிடக்கும் மகனைத் தோளில் சுமந்து இறக்க வேண்டிய பாதையை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் அவர் காட்டை விட்டு இறங்கவில்லை. இன்னொரு மகன் ரயில்வேயில் வேலை செய்கிறவர். இறங்க நினைத்திருந்தால் வழி இருந்திருக்கும்.

ஏன் இறங்கவில்லை என்பதற்குக் காணிக்காரரின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. 'காணி' என்றால் தமிழில் நிலம், நில உரிமை. அகத்தியமலையின் இரு சரிவுகளிலும், கேரளத்திலும் நம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். பேச்சிலோ தமிழும் மலையாளமும் கலந்து வரும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைக் காண ஓணக்காலத்தில் காட்டு விளைபொருள்களோடு கவடியார் அரண்மனைக்கு அவர்கள் வருவது பழைய வழக்கம். என் சிறுவயதில் பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர் தேனும் கிழங்கும் கொண்டு குலசேகரம் சந்தைக்கு வருவார்கள். என் தாயார் பேரம் பேசாமல் வாங்குகிற ஒரே ஆட்கள் அவர்கள்தான்.

அவர்களுடைய அறிவுக்கு விலை உண்டு என்பதை உலகம் 1987-இல் கண்டது. திருவனந்தபுரம் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தோடு பின்னர் தொடர்புகொண்ட டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் அறிஞர் குழு ஒன்று அகத்தியமலையில் ஏறியது. வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள்; அதுவே 'ஆரோக்கியப்பச்சை'. அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உண்டாகி, 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமை அளிக்கப்பட்டது. கிடைத்த பணத்தில் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடாகி, 1997-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகமெங்கும் மெச்சப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் செடியைச் சேகரிப்பதில் வனத்துறையின் தடை குறுக்கே வந்தது. அறிவு அவர்களுடையது, இலை அரசாங்கத்துடையது என்றானது!

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. நானும் உங்களைப்போல் பிழைப்புக்காக ஊரைவிட்டு இந்நகரத்துக்கு வந்தவன். எண்பது வயதைக் கடந்த என் தாயார் குலசேகரத்துக்கு அருகே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் உள்ள பழைய ஓட்டு வீட்டில் தனியே இருக்கிறார். சென்ற ஆண்டு வழுக்கி விழுந்ததிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அழைத்து வந்துவிட வேண்டும் என்று உடன்பிறந்தோர் ஐந்து பேரும் பேசுகிறோம். இரண்டாம் மாடியில் உள்ள என் குடியிருப்பில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அம்மா மாத்திரம் ஒரே வார்த்தையில், "நான் வரல்ல மக்களே" என்கிறார்.

லட்சுமிக்குட்டி அம்மாவின் கதையைத் தங்கைக்குச் சொன்னேன். "அவங்களுக்கு வைத்தியம் இருக்கு, அம்மாவுக்கு அங்க என்ன இருக்கு அண்ணா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எந்தப் பிலாவில் எப்போது சக்கை பழுக்கும், எந்தக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன கஷாயம் ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். விடியற்காலையில் ஆலோசனை கேட்டு வருகிற பெண்கள் இன்னும் உண்டு. என் இரண்டாம் மாடியில் அவரிடம் எதையும் கேட்க ஆளில்லை. கல்லாற்று முத்தச்சியை ஒரு நகரத்துக் குடியிருப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தால் 500 மருந்துகளும் என்னவாகும்? அந்த மருந்துகள் அவருடைய தலைக்குள் மாத்திரம் இருக்கவில்லை. குடிசையைச் சுற்றிலும் வளர்ந்து நின்றன.

தங்கை முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்கிறாள். யானை அடித்த அந்த மகனையும் அவளே எனக்கு நினைவுபடுத்தினாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு வீட்டை விற்கும் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. அடுத்த வீட்டுப் பெண் இரவில் துணைக்கு வந்து படுக்கிறாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் நான் ரயிலேறி, குழித்துறையில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறேன். போன தடவை ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிப் போனேன். அம்மா சொல்லச் சொல்ல, பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்துப்பொடியின் சரக்குகளை எழுதினேன். பதினோராவது சரக்கின் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை. "நில்லு, கண்டா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு விளைக்குள் இறங்கினார்.