வெட்டுக்கு முன்னாடி, வெட்டுக்கு அப்புறம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. தூசி தட்டி உட்கார்ந்திருக்கேன். காரணம் வழக்கமானதுதான். படிப்பு பாதி, ட்ருகனினா குடோன்ல பெட்டி தூக்கறது மீதி. ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் மாணவர்கள் வேலை செய்யலாம்னு இங்க சட்டம். அந்த 48 மணியையும் லீக்ஸ் ரோடு பக்கம் இருக்கற ஒரு குடோன்லயே கழிச்சுட்டு, வில்லியம்ஸ் லேண்டிங்ல ரயில் ஏறி, தூங்கி வழிஞ்சுகிட்டே வகுப்புக்குப் போற ஜென்மம் நான்.

போன மாசம் உளவியல் ஆய்வுமுறை வகுப்பு. "ஒரு பரிசோதனையை எப்படி வடிவமைக்கறது"ங்கறதுதான் பாடம். வாத்தியார் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திரையில போட்டார். அரைத் தூக்கத்துல இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். திரையில விழுப்புரம், திருவண்ணாமலைன்னு ரெண்டு ஊர்ப்பேர். அந்த மனுஷன் வாயில 'திருவண்ணாமலை' படாத பாடு பட்டுச்சு. நாம விழுப்புரத்துக்காரன். அப்பா கரும்பு விவசாயி. அந்தக் கட்டுரையும் கரும்பு விவசாயிகளைப் பத்தினதுதான்!

விஷயம் இதுதான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோன்னு நாலு பேர் 2013ல 'சயன்ஸ்' இதழ்ல எழுதினது. பணக்கஷ்டம் மனுஷனோட யோசிக்கற சக்தியையே குறைக்குமாங்கறது அவங்க கேள்வி. சும்மா ஏழைகளையும் பணக்காரங்களையும் உட்கார வெச்சுப் பரீட்சை வெச்சா செல்லாது. படிப்பு, சாப்பாடு, வளர்ந்த சூழல்னு ஆயிரம் வித்தியாசம் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கும். அதுக்காக ஒருத்தரை நாமளே ஏழையாக்கிப் பார்க்கவும் முடியாது, அது பாவம்.

அப்புறம் என்ன பண்ணாங்க? ஒரே ஆளை ரெண்டு தடவை சோதிச்சாங்க. கரும்பு விவசாயிக்கு வருமானம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். வெட்டுக்கு முன்னாடி கையில காசு இருக்காது, வெட்டுக்கு அப்புறம் கொஞ்சம் இருக்கும். ஆள் அதே ஆள், பணம் மட்டும்தான் வேற. 54 கிராமங்கள்ல 464 விவசாயிகள். படத்துல விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கற ரேவன் புதிர் ஒண்ணு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் செய்யற மாதிரி எண் விளையாட்டு ஒண்ணு. '5 5 5'னு காட்டினா, எத்தனை எண் இருக்குன்னு பார்த்து 'மூணு'ன்னு டக்குனு சொல்லணும். வாய் 'அஞ்சு'ன்னுதான் ஓடும். அதை அடக்கணும். செஞ்சு பாருங்க, தெரியும் :-)

முடிவு? ரேவன் புதிர்ல சராசரி 4.35ல இருந்து 5.45 ஆச்சு. எண் விளையாட்டுக்கு எடுத்துகிட்ட நேரம் 146 வினாடியில இருந்து 131 ஆகக் குறைஞ்சது. அடகு வெச்சவங்க வெட்டுக்கு முன்னாடி 78 சதவீதம், அப்புறம் 4 சதவீதம்.

வாத்தியார் கேட்டார், "இதுல ஓட்டை எங்க?" ஆளாளுக்குக் கை தூக்கினாங்க. "பருவம் மாறினதால இருக்கலாமே?" இருக்காது. எல்லாரும் ஒரே நாள்ல வெட்ட முடியாது, ஆலைதான் தேதி கொடுக்கும். ஒரே மாசத்துல ஒருத்தருக்கு வெட்டு முடிஞ்சிருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் காத்துகிட்டு இருப்பார். "ரெண்டாவது தடவைங்கறதால பழகியிருக்கலாமே?" அதுக்குத்தான் 100 பேரை முதல் சுத்துல சேர்க்காம தனியா வெச்சிருந்து, வெட்டுக்கு அப்புறம் முதல் தடவையாச் சோதிச்சாங்க. "பசியா இருக்குமோ?" சாப்பாடு குறையலைன்னு பார்த்திருக்காங்க. "மன அழுத்தம்?" ஒரு பகுதி பேருக்கு இதயத்துடிப்பு, ரத்த அழுத்தமெல்லாம் அளந்து, அது மட்டும் காரணமில்லைன்னு சொல்றாங்க.

வெட்டு உத்தரவுன்னா என்னன்னு வகுப்புக்கு விளக்கினது நான்தான். மூணு மாசமா வாயைத் திறக்காதவன் அன்னைக்குப் பத்து நிமிஷம் பேசினேன். ஆனா அந்த 78 சதவீதத்துல கண்ணு நின்னதும் தொண்டை அடைச்சுகிச்சு.

கொசுவத்தியைச் சுத்திடறேன். நான் பதினொண்ணாவது படிக்கும்போது அம்மாவோட செயினை அப்பா அடகு வெச்சார். வெட்டு உத்தரவு தள்ளிப் போயிட்டே இருந்த நேரம். வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய தேதியை மறந்துட்டார். ரசீது சட்டைப் பையிலேயே கிடந்து துவையல்ல போச்சு. நகை முழுகிப் போச்சு. அம்மா ஒரு வார்த்தை சொல்லலை. நான்தான் சொன்னேன்: "ஒரு தேதியைக்கூட ஞாபகம் வெச்சுக்கத் தெரியாத நீயெல்லாம் எதுக்குப்பா குடும்பம் நடத்தறே?" அவர் என்னையே பார்த்துகிட்டு நின்னார். அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். ரெண்டு வாரம் அவர்கிட்ட நான் பேசலை.

இந்த செமஸ்டர்ல ஐயா என்ன பண்ணினேன் தெரியுமா? ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம். எந்தக் கணக்குல எவ்வளவு இருக்கு, யார்கிட்ட கைமாத்து கேட்கலாம்னே தலை சுத்திகிட்டு இருந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டை வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுட்டேன். தேதி ஃபோன்லயும் இருந்துச்சு, சுவர்லயும் இருந்துச்சு. பார்த்தேன், ஆனா மண்டையில ஏறலை. மார்க் போச்சு.

அதனால அந்தக் கட்டுரை எனக்கு வேதவாக்கு ஆயிடுச்சு. அப்பாவுக்கும் மன்னிப்பு, எனக்கும் மன்னிப்பு. ஆனா வாத்தியார் விடலையே. அடுத்த வாரத்துக்கு மேல படிக்கச் சொன்னார். படிச்சேன், வயிறு கலங்குச்சு. 2016ல அமெரிக்காவுல ஏழைக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோதிச்சாங்க. யோசிக்கற திறன்ல வித்தியாசமே தெரியலை. 2021ல இந்த 'இல்லாமை' பத்தின 20 பரிசோதனைகளைத் திரும்பச் செஞ்சு பார்த்ததுல 4தான் தேறுச்சு. நம்ம ஊர்க் கரும்பு ஆய்வு அந்த மாதிரி ஆய்வகச் சோதனை இல்லைதான். ஆனாலும் இந்த வறுமை விளைவு எல்லா ஊர்லயும், எல்லாக் கஷ்டத்துக்கும் அதே அளவுக்கு இருக்கும்னு இனி சத்தியம் பண்ண முடியாது.

எனக்குக் கோபம்கூட வந்துச்சு. யார் மேலன்னுதான் தெரியலை. நான் அந்த முடிவை நம்பினது அதோட வடிவமைப்பைப் பார்த்தா, இல்லை அப்பாவோட முகத்தை நினைச்சா? நேர்மையாச் சொல்லணும்னா ரெண்டாவதுதான். அதை அப்படியே அசைன்மென்ட்ல எழுதினேன். இந்தத் தடவை ஒரு நாள் முன்னாடியே கொடுத்துட்டேன் :-)

போன ஞாயிறு ஊருக்கு ஃபோன் போட்டேன். அப்பாகிட்ட ஆய்வைப் பத்தி முழுசாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "வெட்டு முடிஞ்சா கவலை முடிஞ்சுடும்னு யாருடா சொன்னது? ஆலைக்காரன் பணம் போடற வரைக்கும் கவலைதான்"னார். சட்டப்படி 14 நாள்ல ஆலை பணம் கொடுக்கணும்பா, 1966லேயே உத்தரவு இருக்குன்னேன். சிரிச்சார். ரொம்ப நேரம் சிரிச்சார்.

"அப்புறம் இன்னொண்ணு கேளு. பணம் வந்ததும் புத்தி தெளியுதுன்னா, கடனை அடைச்சுட்டு மறுவருஷமும் அதே கடனை நான் ஏன் வாங்கறேன்?"

இந்தக் கேள்விக்கு எங்க வாத்தியார்கிட்டயே பதில் இருக்குமான்னு சந்தேகம்தான்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் சொல்லிட்டேன். "அப்பா, அந்தச் செயின் முழுகிப்போன அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா."

"எப்போ பேசினே?"

"வெட்டு உத்தரவு வராம இருந்துச்சே, அந்த வருஷம்."

"அப்போ நீயும் வெட்டுக்கு முன்னாடி பேசினதுதானே? கணக்குல சேராது, விடு"ன்னு சொல்லிட்டு ஃபோனை அம்மாகிட்ட கொடுத்துட்டார்.